ஏஜென்சியா, அசைன்மென்டா, சொந்தத் திட்டமா: வெளிநாட்டில் செய்திப்படம் எடுக்கக் கிளம்புகிறவருக்கு

வெளிநாட்டில் செய்திப்படம் எடுத்துப் பிழைக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு நகரத்தில் குடியிருந்துகொண்டு ஏபி, ஏஎஃப்பி, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி ஏஜென்சிக்கு ஸ்ட்ரிங்கராக, அதாவது நிரந்தர ஊழியராக இல்லாமல் வேலைக்கேற்பப் பணம் வாங்குபவராக, வேலை பார்க்கலாம். சொந்த ஊரில் இருந்தபடியே பத்திரிகைகள் குறிப்பிட்டு ஒப்படைக்கும் வேலைக்கு, அதாவது அசைன்மென்டுக்குப் போய்வரலாம். அல்லது சொந்தப் பணத்திலோ நிதியுதவியிலோ ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுக்கலாம். மாதச் சம்பளமுள்ள ஸ்டாஃப் வேலைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை மிகக் குறைவு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் பல வருடம் இருந்தவர்களுக்கே போகின்றன.

கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு தருவார்கள்?" என்பது. அதைக் கடைசியில் கேட்பது நல்லது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? எடுத்த படம் யாருடையது? இந்த இரண்டு கேள்விக்கும் மூன்று வழிகளிலும் மூன்று விதமான பதில்கள். உங்கள் தேர்வை நிர்ணயிக்க வேண்டியது அந்தப் பதில்கள்தான்.

ஏஜென்சி ஸ்ட்ரிங்கர்

ஸ்ட்ரிங்கருக்கு நாள் கணக்கிலோ ஷிஃப்ட் கணக்கிலோ பணம் வரும். சில இடங்களில் படத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். தொகை பெரிதல்ல, ஆனால் வேலை அடிக்கடி வரும். தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை, கால்பந்துப் போட்டி என எதுவும் விலக்கல்ல. போர்முனையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதில் பாதி வேலை சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு ஊரின் நீதிமன்றம், காவல் நிலையம், மீன் சந்தை, பிணவறை எல்லாம் எங்கே இருக்கின்றன, யாரிடம் பேசினால் கதவு திறக்கும் என்பதெல்லாம் இந்தச் சில்லறை வேலைகளில்தான் பழகும்.

இங்கே எல்லாமே வேகம். சம்பவம் நடந்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முதல் படம் டெஸ்க்கில், அதாவது படங்களைத் தேர்ந்து திருத்தி அனுப்பும் பிரிவில், இருக்க வேண்டும். அதனால் முழுத்தரக் கோப்புக்குக் காத்திருக்காமல் கேமராவிலிருந்தே செல்போன் இணைப்பு வழியாக எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஜேபெக் (கேமராவே சுருக்கித் தரும் சிறிய படக் கோப்பு) அனுப்புவார்கள். ராய்ட்டர்ஸ் 2015 நவம்பரில், ரா என்ற திருத்தப்படாத மூலக் கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை ஃப்ரீலான்ஸர்களிடமிருந்து (நிறுவன ஊழியரல்லாதவர்களிடமிருந்து) ஏற்பதில்லை, கேமராவிலேயே பதிவான ஜேபெக் வேண்டும் என்று அறிவித்தது. ஆகவே வெளிச்ச அளவும் வெள்ளைச் சமநிலையும் எடுக்கும்போதே சரியாக இருக்க வேண்டும். பிறகு ராவில் சரிசெய்துகொள்ளலாம் என்று வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (பாதியளவு) குறைத்தே எடுத்துப் பழகியவர்கள் முதல் வாரத்தில் இங்கேதான் திணறுவார்கள். வழக்கமான ஏற்பாடு: இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒன்றில் ரா, மற்றொன்றில் ஜேபெக். அனுப்புவது ஜேபெக், சேமிப்பில் வைப்பது ரா.

படம் நன்றாக இருந்தும் டெஸ்க் திருப்பி அனுப்புகிறதென்றால் காரணம் பெரும்பாலும் கேப்ஷன். யார், என்ன செய்கிறார், எங்கே, எந்தத் தேதி என்பவை முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். பின்னணி இரண்டாவது வாக்கியத்தில். கூட்டத்தின் எண்ணிக்கையை நீங்களே கணித்து எழுதக் கூடாது. 'துயரத்தில் ஆழ்ந்த' மாதிரியான அடைமொழி கூடாது. பெயர் எழுத்துகளை அந்த நபரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கி, அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்துவிட்டால் இரவில் குழப்பம் வராது. கேமராக் கடிகாரத்தை நாடு மாறியதும் மாற்ற மறப்பது இன்னொரு பிழை. இரண்டு கேமரா பாடியிலும் நேரம் ஒன்றாக இல்லையென்றால் சம்பவங்களின் வரிசையே குலைந்துபோகும்.

அந்த இரண்டு கேள்விக்கு வருவோம். உரிமை பெரும்பாலும் ஏஜென்சிக்குப் போய்விடும். அல்லது அவர்கள் காலவரையின்றி விற்கும் உரிமத்தில் நீங்கள் கையெழுத்திடுவீர்கள். பத்து வருடம் கழித்து உங்கள் படம் ஒரு பாடநூலில் வந்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராமல் போகலாம். பாதுகாப்புப் பக்கத்தில் நிலைமை நல்லது. டெஸ்க்கே ஆபத்தை எடைபோடும். கவச உடையும் தலைக்கவசமும் கிளையில் இருக்கும். கூட ஒரு நிருபரும் ஓட்டுநரும் வருவார்கள். ஆனால் 'ஸ்ட்ரிங்கர்' என்ற சொல்லுக்குள் பல தரப்பட்ட ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. மாதாந்திர ஒப்பந்தம் உள்ளவருக்குக் காப்பீடு இருக்கும். கூப்பிட்ட நாளுக்கு மட்டும் வருகிறவருக்கு அந்த ஒரு நாளுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது இதுதான்.

விசாவிலும் ஏஜென்சியின் கடிதம் பெரிய பலம். பாங்காக்கை எடுத்துக்கொள்வோம். தென்கிழக்கு ஆசியாவுக்கு வசதியான தளம், எந்தத் தலைநகருக்கும் சில மணி நேரத்தில் பறந்துவிடலாம். ஆனால் அங்கே பத்திரிகையாளராக வேலை செய்ய 'எம்' வகை விசாவும் பணி அனுமதியும் வேண்டும்; இரண்டுக்கும் செய்தி நிறுவனத்தின் கடிதம்தான் அடிப்படை. 2016இல் தாய்லாந்து வெளியுறவு அமைச்சகம் விதிகளை இறுக்கியபோது, ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்ட முடியாத ஃப்ரீலான்ஸர்கள்தான் முதலில் தவித்தார்கள்.

அசைன்மென்ட்

மதிப்பும் பைலைனும் (படத்தோடு வரும் உங்கள் பெயர்) அதிகம் கிடைப்பது இதில். பணக்கணக்கில் ஏமாறுவதும் இதில்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நியூயார்க் டைம்ஸ் 2016இல் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களின் ஒருநாள் கட்டணத்தை 450 டாலராக உயர்த்தியது. அந்த எண்ணையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடுவோம். நான்கு நாள் படப்பிடிப்பு என்றால் 1,800 டாலர். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். பயண நாளுக்குப் பாதிக் கட்டணம் தருகிறவர்களும் உண்டு, ஒன்றுமே தராதவர்களும் உண்டு. விசாவுக்கு ஒரு நாள். திரும்பி வந்து படம் தேர்ந்து கேப்ஷன் எழுத ஒரு நாள். பயண நாளுக்கு எதுவும் இல்லையென்றால் எட்டு நாள் உழைப்புக்கு 1,800, நாளுக்கு 225. அதிலிருந்து காப்பீடு, கேமரா தேய்மானம், வேலை வராத வாரங்கள் எல்லாவற்றுக்கும் எடுத்து வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சுமை, முன்பணம். விமானச் சீட்டு, ஹோட்டல், வண்டி, ஃபிக்ஸர் (உள்ளூரில் தொடர்பு, மொழிபெயர்ப்பு, ஏற்பாடுகளைக் கவனிப்பவர்) என எல்லாவற்றுக்கும் நீங்கள் போட்டுவிட்டுப் பிறகு பில் அனுப்ப வேண்டியிருக்கும். பணம் வர 30 நாளிலிருந்து 90 நாள்வரை ஆகலாம். ஆபத்தான ஊர்களில் ஃபிக்ஸருக்கும் ஓட்டுநருக்கும் தரும் அன்றாடத் தொகை உங்கள் கட்டணத்தையே தாண்டும். அடுத்தடுத்து இரண்டு வேலை வந்தால் இரண்டுக்கும் முன்பணம் போட வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சீட்டையும் ஹோட்டலையும் அலுவலகமே பதிவு செய்யும்படி கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பெரிய பத்திரிகைகள் பலவும் செய்துகொடுக்கும்.

உரிமை விஷயத்தில் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஓர் அம்சம் இருக்கிறது. ஒருவர் சொல்லி, அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் இருப்பது உங்களுக்குத்தான் பாதகம். அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் 'வொர்க் ஃபார் ஹையர்' என்ற தொடர் இருந்தால், உரிமை தொடக்கத்திலிருந்தே அவர்களுடையது என்று பொருள். ஏற்கத்தக்க ஒப்பந்தம் எப்படி இருக்கும்? உரிமை உங்களிடம் இருக்கும். பத்திரிகைக்கு முதல் வெளியீட்டு உரிமை. குறிப்பிட்ட காலம், 30 நாளோ 90 நாளோ, வேறு யாருக்கும் தர மாட்டேன் என்ற தடை. அதன்பின் நீங்கள் விற்கலாம். வேலை ரத்தானால் தரவேண்டிய தொகையும் அதிலேயே இருக்கட்டும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ரத்தாவது அரிதே அல்ல.

உரிமைக்காகப் போராடுவது வீண் என்று நினைப்பவர்களுக்கு டேனியல் மோரெல் வழக்கு பதில். 2010 ஹெய்தி நிலநடுக்கத்தின்போது அந்த நாட்டுப் புகைப்படக்காரரான அவர் இணையத்தில் போட்ட படங்களை ஏஎஃப்பி எடுத்து விநியோகித்தது, கெட்டி என்ற பட விற்பனை நிறுவனமும் விற்றது. 2013 நவம்பரில் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. சமூக வலைதளத்தில் போட்டதாலேயே படம் பொதுச்சொத்தாகிவிடாது என்பது அங்கே உறுதியானது.

அசைன்மென்டில் மிக மோசமான வகை ஒன்று உண்டு. "போய் எடுத்துக்கொண்டு வா, நன்றாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்பது. அது அசைன்மென்டே அல்ல. கடிதம் இல்லை, காப்பீடு இல்லை, அடிபட்டால் பொறுப்பில்லை. சிரியாவில் ஃப்ரீலான்ஸர்கள் கடத்தப்பட்டும் கொல்லப்பட்டும் போன பிறகு, 2014 செப்டம்பரில் ஏஎஃப்பி, தன் ஊழியர்களே போகாத இடத்துக்குப் போய்வரும் ஃப்ரீலான்ஸர்களின் படத்தை வாங்குவதில்லை என்று அறிவித்தது. 2015இல் செய்தி நிறுவனங்களும் ஃப்ரீலான்ஸர் அமைப்புகளும் சேர்ந்து பாதுகாப்பு நெறிகளை வகுத்தன. ஃப்ரீலான்ஸர் பாதுகாப்புக்கான அக்கோஸ் கூட்டணி அதிலிருந்து பிறந்தது. ஓர் எடிட்டர் அந்த நெறிகளை ஏற்றவரா என்று கேட்பது முறையான கேள்விதான்.

சொந்தத் திட்டம்

இங்கே உரிமை முழுக்க உங்களுடையது. படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1947இல் புகைப்படக்காரர்கள் காப்பா, கார்த்தியே-ப்ரெசோன், ரோஜர், சீமூர் நால்வரும் மேக்னம் என்ற புகைப்படக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். நீண்ட காலத் தொகுப்பு ஒன்று கையில் இருந்தால் கண்காட்சி, புத்தகம், வெவ்வேறு நாட்டுப் பத்திரிகைகள் என்று பல வருடம் விற்கலாம். விலை என்னவென்றால், மற்ற எல்லாமும் உங்கள் தலையில்.

புலிட்சர் சென்டர், மேக்னம் பவுண்டேஷன், நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டி போன்றவை நிதி தருகின்றன. விண்ணப்பத்தில் பலர் தோற்கும் இடம் பட்ஜெட். 'பயணம்: 3,000' என்று ஒற்றை வரியில் எழுதினால் நம்பமாட்டார்கள். எந்த ஊருக்கு எத்தனை நாள், வண்டி வாடகை நாளுக்கு எவ்வளவு, மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். காப்பீட்டையும் ஒரு வரியாகச் சேருங்கள். கேமரா வாங்கப் பொதுவாகத் தரமாட்டார்கள். எங்கே வெளியாகும் என்று காட்டும் எடிட்டரின் கடிதம் இருந்தால் விண்ணப்பம் வலுப்பெறும்.

மாதக்கணக்கில் எடுப்பதால் சேமிப்பு இங்கே முக்கியம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு சுமார் 28 எம்பி. நாளுக்கு 800 படம் என்றால் 22 ஜிபி. நாற்பது நாளில் 900 ஜிபி. இரண்டு டெராபைட் எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்று உங்கள் உடலோடும் மற்றொன்று வேறு பையில் வேறு அறையிலும் இருக்கட்டும். தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள். ஹோட்டல் இணைப்பு நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 40 ரா கோப்புகள் ஏற இரண்டரை மணி நேரம். அதே 40 படம் 4 எம்பி ஜேபெக்காக இருந்தால் 22 நிமிடத்தில் முடியும். இரண்டு பிரதியும் ஒரே பையில் இருந்து பை களவு போவதுதான் இந்த வழியில் மறுபடி மறுபடி நடக்கும் இழப்பு.

விசாவும் இதில்தான் பலவீனம். பின்னால் ஒரு நிறுவனம் இல்லாததால் சுற்றுலா விசாவில் போகத் தோன்றும். சீனாவுக்குக் குறுகிய காலத்துக்கு ஜே-2, அமெரிக்காவுக்கு 'ஐ' என்று பத்திரிகையாளருக்குத் தனி வகைகள் உண்டு. சுற்றுலா விசாவில் பிடிபட்டால் நாடு கடத்துவதோடு முடியாது. பிறகு ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதைக் குறிப்பிட வேண்டி வரும். உங்களோடு பேசிய உள்ளூர்க்காரருக்கும் சிக்கல். ஒரு பத்திரிகையிடமிருந்து அசைன்மென்ட் கடிதம் வாங்கிக்கொண்டு உரிய விசாவுக்குக் காத்திருப்பது நல்லது, ஒரு மாதம் தள்ளிப்போனாலும்.

எல்லை தாண்டும் பெட்டி

ஸ்ட்ரிங்கர் ஒரே முறை சாமானைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மற்ற இரு வழியிலும் ஒவ்வொரு முறையும் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர் புறப்படும் விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் கேமரா, லென்ஸ்களின் வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று வரி கேட்கமாட்டார்கள். இதற்காகவே ஒன்றரை மணி நேரம் முன்கூட்டிப் போக வேண்டும். பில் நகலும் கையில் வேண்டும். சாமான் அதிகம் என்றால், பொருளைத் தற்காலிகமாக வரியின்றி எல்லை தாண்டிக் கொண்டுபோக உதவும் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் எடுக்கலாம். இந்தியாவில் அதைத் தொழில் வர்த்தக அமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. ஒரு வருடம் செல்லும். ஆனால் வைப்புத்தொகை கட்ட வேண்டும், எல்லா நாடும் ஏற்காது. இரண்டு பாடி, மூன்று லென்ஸோடு போகிறவருக்குச் சான்றே போதும்.

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். கேமரா பேட்டரி ஒன்று ஏறக்குறைய 16 வாட்-ஹவர், வரம்பு 100. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர் என்பதால் பிரச்சினையில்லை.

கவச உடை வேறு விஷயம். 2015 ஆகஸ்டில் பாங்காக் எரவான் கோவில் குண்டுவெடிப்பைப் படமெடுக்க வந்த ஹாங்காங் புகைப்படக்காரர் ஒருவர் திரும்பும்போது விமான நிலையத்தில் கைதானார். பையில் இருந்த கவச உடை தாய்லாந்துச் சட்டப்படி ஆயுத வகை. போகும் நாட்டில் ஏஜென்சியிடமோ பத்திரிகை அமைப்பிடமோ வாடகைக்கு எடுப்பது பல நேரம் பத்திரமானது. சாட்டிலைட் போனும் அப்படியே. இந்தியாவுக்குள் துராயா, இரிடியம் போன்களை அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம். வெளிநாட்டில் வாங்கியதை மறந்து பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது.

எதை எப்போது

எங்கள் பரிந்துரை, முதல் இரண்டு வருடம் ஸ்ட்ரிங்கர் வழி, அதுவும் போர் நடக்காத ஒரு நகரத்தில். வருமானம் சிறிதானாலும் விசா, அடையாள அட்டை, திருத்திச் சொல்லித்தரும் ஒரு டெஸ்க் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான். ஒப்பந்தத்தில் பிறருக்கு வேலை செய்யத் தடை இல்லாமல் பார்த்துக்கொண்டால், ஓய்வு நாளில் சொந்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கலாம். அது முழுக்க உங்கள் உரிமை. ஏற்கெனவே எடிட்டர்களோடு பழக்கமும் ஆறு மாதம் தாங்கும் சேமிப்பும் உள்ளவருக்கு அசைன்மென்ட் சரி. குடும்பத்தில் ஒரே வருமானம் உங்களுடையது என்றால் சொந்தத் திட்டத்தை நிதி கைக்கு வந்த பிறகு மட்டும் தொடங்குங்கள்.

பறந்து போய் எடுக்கும் வேலை குறைந்து வருவதையும் கணக்கில் வையுங்கள். கொரோனாக் காலத்தில் எல்லைகள் மூடியபோது எடிட்டர்கள் அந்தந்த ஊர்ப் புகைப்படக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். பலர் அப்படியே தொடர்கிறார்கள். 2009இல் வன்னிக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாகப் போக முடியவில்லை. 2023 அக்டோபரிலிருந்து காஸாவிலும் அதுவே நடந்தது. உலகம் பார்த்த காஸாப் படங்களை எடுத்தவர்கள் அங்கேயே வாழும் பாலஸ்தீனர்கள். மொழி தெரியாமல் மூன்று நாளுக்கு வருகிறவரைவிட, அந்த ஊரில் வீடெடுத்து மொழி பழகியவருக்கு எடிட்டர் போன் செய்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்கும் முன்னால் உள்ளூர்க்காரருக்குப் போன் போக வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

எந்த வழியானாலும் ஆபத்துப் பகுதிக்குப் போகும் முன் முதலுதவிப் பயிற்சி வேண்டும். 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராட்டாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடைத் தமனிக் காயத்தில் ரத்தம் வழிந்து இறந்தார். அதன் பிறகு அவருடைய நண்பர் செபாஸ்டியன் யூங்கர், ஃப்ரீலான்ஸர்களுக்கு இலவசமாக முதலுதவி கற்றுத்தர ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகெட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள். ஒரு கையால் எட்டும்படி வெளியே மாட்டுங்கள். காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். பிரித்துக்கூடப் பார்க்காத டூர்னிகெட்டை இருட்டில் கட்ட முடியாது. பயிற்சிக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கட்டிப் பழகுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு போர், கலவரம், தொழில்முறை வேலை மூன்றையும் விலக்கியிருக்கும் என்பதால் பாலிசியின் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு தாள் இருக்கட்டும்: ரத்த வகை, பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண், பாலிசி எண், ஃபிக்ஸரின் எண், எடிட்டரின் எண், நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய உங்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த இரண்டு கேள்விகள். தினமும் எத்தனை மணிக்குச் செய்தி அனுப்புவீர்கள், ஒன்று தவறினால் எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு முதலில் யாருக்குப் போன் செய்வது என்பதும் அதில் வேண்டும். ஸ்ட்ரிங்கருக்கு இதை டெஸ்க் கவனிக்கும். அசைன்மென்டில் எடிட்டரிடம் ஒரு பிரதி கொடுத்து, அவர் விடுப்பில் இருந்தால் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொந்தத் திட்டத்தில் அந்தத் தாளை வைத்திருப்பது உங்கள் அக்காவாகவோ நண்பராகவோ இருப்பார். முதல் போன் யாருக்கு என்பதைக் கிளம்பும் முன் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.